பின் சீட்டு காலி

அத்தியாயம் பதினொன்று

சண்முகவடிவுக்கு இந்தி தெரியும். பிரம்மநாயகத்தின் குடும்பத்தில் எதில் அபிப்பிராய பேதம் இருந்தாலும் இதில் இருந்ததில்லை. ரேஷன் கடையில் தகராறா, கூப்பிடு வடிவை. குழாயடியில் மராத்திக்காரி முறைக்கிறாளா, கூப்பிடு வடிவை. அவள் தாராவியிலேயே பிறந்து, முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். மாமனார் பிரம்மநாயகமும் புருஷன் வெயிலுமுத்துவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மீசை முளைத்த பிறகு ரயிலேறி வந்தவர்கள். கார்களுக்குக் குஷன் தைக்கிற கடையை இத்தனை வருஷம் நடத்தியும் அவர்களுடைய இந்தி விலை கேட்கிற "கித்னா"வைத் தாண்டவில்லை.

அந்தக் குடும்பம் இன்று அந்த ஒருத்தியின் காதை நம்பித் தெருவில் இறங்கியிருக்கிறது.

ஷெட்டுக்காரர் வந்து, "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க" என்று சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்பது தெரிந்த கதைதான். கடையும் அந்த ஷெட்டுதான், குடித்தனமும் அந்த ஷெட்டுதான். அந்த நேரம் பார்த்து மாதுங்காவிலிருந்து ரோஷன் மேம்சாப் ஆளனுப்பினாள்.

மேம்சாப் பார்ஸிக்காரி. கல்யாணம் செய்துகொள்ளாமல், படுக்கையோடு கிடக்கும் தகப்பனாரைப் பார்த்துக்கொண்டிருப்பவள். பங்களாவுக்குப் பின்னால் கராஜில் தகப்பனாரின் பழைய லிமோசின் கார் நின்றது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் நிறுத்தியது, அப்புறம் எடுக்கவே இல்லை. இப்போது இன்ஜினுக்கு ஒருவர் உயிர் கொடுத்து, பெயின்ட்டை ஒருவர் ஏற்றி, முன் சீட்டையும் யாரோ காப்பி நிறத் தோலில் முடித்துவிட்டார்கள். பின் சீட்டுதான் பாக்கி. எலிகள் அதைத் தின்று தீர்த்து, துருப்பிடித்த கம்பியை மட்டும் மிச்சம் வைத்திருந்தன.

"வேலை அப்பாவுக்குப் பிடித்துவிட்டால், கராஜின் மற்றப் பாதியை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். தொழிலும் செய்யலாம், குடியும் இருக்கலாம்" என்று மேம்சாப் வாக்குக் கொடுத்திருந்தாள். மாதுங்காவில், மழை ஒழுகாத கூரை! பிரம்மநாயகம் அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டார்.

அளவெடுக்கப் போன அன்று, மாடிப்படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு மேம்சாப் வடிவிடம் ஒரே ஒரு உத்தரவு போட்டாள்.

"பீச்சே கி சீட் காலி ரக்னா."

மாடியில் தகப்பனாரின் மணி அடித்தது. மேம்சாப் ஓடிவிட்டாள். பெரியவருக்கு உடம்பு மோசமானதில் அதற்கப்புறம் அவள் கராஜ் பக்கம் வரவே இல்லை.

"என்னளா சொல்லுதாவ?" என்று வெயிலுமுத்து கேட்டான்.

"நடு சீட்ட காலியா வைக்கணுமாம்."

வடிவு கொஞ்சமும் யோசிக்கவில்லை. பீச் என்றால் நடு. காலி என்றால் காலி. அந்த மாதம் முழுக்க அவள் காதில் வேறு வார்த்தையா விழுந்தது? ஷெட்டுக்காரர் வாயில் காலி, மாமனார் புலம்பலில் காலி, கனவில்கூடக் காலி.

ஏன் காலியாக வைக்க வேண்டும் என்பதற்கு அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். பெரியவரின் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் உட்கார்ந்த இடத்தில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று மகள் நினைக்கிறாள் போலிருக்கிறது. மகள் என்றால் இவளல்லவா மகள் என்று வடிவு வெயிலுமுத்துவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

அந்த உருக்கத்தோடுதான் ஷெட்டுத் தரையில் சாக்பீஸால் படம் போட்டாள். அகலமான ஒரே சீட்டுக்குப் பதில், இரண்டு ஓரத்திலும் இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு ஆள் இடம். நடுப்பக்கத்து நாற்காலிக் கைகளை மட்டும் உள்ளே சுருட்டி வளைத்து, அந்தக் காலியிடத்துக்குக் காவல் வைத்தது போல அமைத்தாள். வெயிலுமுத்து அந்த வளைவுக்கு மரச்சட்டம் செதுக்கினான், ஸ்பிரிங் கட்டினான், நாரும் பஞ்சும் அடைத்தான். சலாவுதீன் பாயின் தோல் கிடங்கிலிருந்து முன் சீட்டுக்குப் பொருத்தமாகக் காப்பி நிறத் தோல் வந்தது. வடிவு தைத்தாள். இப்படி ஒரு சீட்டு தாராவியிலிருந்து அதுவரை வெளியே போனதில்லை என்று துணிந்து சொல்லலாம்.

நாளைக்குப் பார்ஸிக்காரர்களின் வருஷப் பிறப்பு. பெரியவரைச் சொந்தக் காரில் உட்காரவைத்து அக்னி கோவிலுக்குக் கூட்டிப்போவதாக மேம்சாப் அவருக்குச் சத்தியம் செய்திருந்தாள். ஆகவே சீட்டு இன்றே ஏறியாக வேண்டும்.

விடிந்ததிலிருந்து நல்ல மழை. பிரம்மநாயகம் ஒரு கைவண்டிக்குப் பதில் இரண்டு கைவண்டி பிடித்து வந்தார். ஒன்றில் சீட்டுகள். இன்னொன்றில் தையல் மிஷின், பாத்திரம், படுக்கை, ட்ரங்குப் பெட்டி, அடுப்பு, எல்லாம்.

"மேம்சாப் ஒரு மட்டம் பாத்துச் சொல்லட்டுமே மாமா. அதுக்கப்புறம் சாமானத்த ஏத்துவோம்" என்றாள் வடிவு.

"நீ தச்ச சீட்டப் பாத்துட்டு வேண்டாங்கதுக்கு ஒருத்தி இனிமேத்தான் பொறந்து வரணும் தாயி" என்று சொல்லிவிட்டு, அவர் நேரே போய் ஷெட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். நாலு பேர் பார்க்க வெளியேற்றப்படுவதைவிடத் தானாக வெளியேறுவது கௌரவம் என்பது அவர் கட்சி.

சயான் வழியாக வண்டிகளைத் தள்ளிக்கொண்டு மாதுங்கா போய்ச் சேருவதற்குள் மூன்று பேரும் தொப்பலாக நனைந்துவிட்டார்கள். தார்ப்பாய்க்குள் இருந்த சீட்டு மட்டும் நனையவில்லை. வெயிலுமுத்து அதைக் காரில் ஏற்றி, கடைசி போல்ட்டை முடுக்கி, வேட்டி முனையால் தோலைத் துடைத்துவிட்டான். வடிவு எட்டிப் பார்த்தாள். அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

மேம்சாப் குடையோடு இறங்கி வந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. கார்க் கதவைத் திறந்தாள், பார்த்தாள். மறுபக்கம் போய் அந்தக் கதவையும் திறந்து பார்த்தாள். சிரிப்பைக் காணோம்.

"யே க்யா ஹை?"

இது என்ன என்று அவள் கேட்ட தோரணையிலேயே பிரம்மநாயகம் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சீட், மேம்சாப்" என்றாள் வடிவு, இன்னும் சிரித்த முகமாக.

"நான் என்ன சொன்னேன்? பீச்சே கி சீட் காலி ரக்னா என்றுதானே சொன்னேன்?"

"ஹாங் மேம்சாப். காலி ஹை." வடிவு நடுவில் இருந்த வெற்றிடத்தைக் கையால் காட்டினாள்.

"காலி!" என்று மேம்சாப் கத்தினாள்.

"காலி" என்று வடிவும் தலையை ஆட்டினாள்.

வேறு சமயமாக இருந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். மேம்சாப் கையிலிருந்த குடையை வடிவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கன்னங்கரேலென்ற குடை. "யே! காலி!" காலிலிருந்த கருப்புச் செருப்பைக் காட்டினாள். "யே! காலி!" பளபளவென்று மின்னிய காரின் கருப்பு முதுகில் படாரென்று அறைந்தாள்.

வடிவுக்கு அப்போதுதான் விளங்கியது.

கருப்புக்கு இந்தியில் காலா என்பதுதான் அவளுக்குத் தெரிந்த வார்த்தை. பூனையும் காலா, புடவையும் காலா. சீட்டு பெண்பால், பெண்பாலுக்குக் காலா, காலி ஆகிவிடும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லித்தான் இருப்பார்கள். குழாயடிச் சண்டைக்கு அது தேவைப்படவில்லை. பீச் என்றால் நடு, பீச்சே என்றால் பின்னால். தமிழ்க் காதில் இரண்டும் ஒரே ஓசை. பின் சீட்டைக் கருப்பில் செய் என்று சொன்னதைத்தான், நடு சீட்டைக் காலியாக வை என்று அவள் புருஷனுக்கும் மாமனாருக்கும் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறாள்.

மேம்சாப் கத்தி ஓய்ந்து, படியில் உட்கார்ந்துகொண்டு பேசினாள். அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை, நிழல்தான் தெரிகிறது. ஆனாலும் அவருடைய கருப்புச் சீட்டு அவருக்கு நினைவிருக்கிறது, தினமும் அதைப் பற்றித்தான் பேச்சு. நிறம்கூடப் போகட்டும். அவரால் தானாக நிமிர்ந்து உட்கார முடியாது. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நர்ஸ், நடுவில்தான் அவரை வைத்துக்கொள்ள வேண்டும். நடுவில் நீ ஒன்றுமே வைக்கவில்லையே, எங்கே உட்காரவைப்பேன்?

"என்னளா? என்ன சொல்லுதாவ?" என்று வெயிலுமுத்து அவள் தோளைத் தொட்டான்.

தான் செய்த தப்பைத் தானே தமிழில் சொல்ல வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது. வடிவு சொன்னாள்.

பிரம்மநாயகம் தலையில் அடித்துக்கொண்டார்.

"படிச்ச பிள்ளன்னு நம்பினேனே! ஒரு மட்டம் திருப்பிக் கேக்கப்படாதா? வாயி வலிச்சிருமா?"

"ஐயா, சும்மா இரிங்க. நானுந்தான் பக்கத்துல நின்னேன்" என்றான் வெயிலுமுத்து.

"நீ நின்ன லெச்சணத்தச் சொல்லாத. மாடு கணக்கா நின்ன."

"மாமா, ஷெட்டுக்குக் கொண்டுட்டுப் போயி..." என்று வடிவு ஆரம்பித்தாள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். வெளியே மழையில் அவர்களுடைய அடுப்பும் படுக்கையும் கைவண்டியில் நின்றன.

நிலைமை இன்னும் கெடுவதற்கு இடம் இருந்தது. மாடியில் பெரியவர் பொறுமை இழந்துவிட்டார். சீட்டு வந்துவிட்டதாமே, எனக்குக் காட்டு என்று ஒரே பிடிவாதம். நர்ஸும் சமையல்காரனும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மேம்சாப் குறுக்கே ஓடி, "நாளைக்குப் பார்க்கலாம் பப்பா, நாளைக்கு" என்றாள். அவர் கேட்கவில்லை. சலவைச் சட்டையும் தொப்பியுமாக, கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தார்.

நாற்காலியைக் கார்க் கதவருகே வைத்தார்கள். அவர் குனிந்து, கையை உள்ளே நீட்டினார். முதலில் ஓரத்து நாற்காலி தட்டுப்பட்டது. தடவினார். முகம் மலர்ந்தது. வடிவு சுருட்டி வளைத்த நாற்காலிக் கையை விரலால் தொட்டுக்கொண்டே போனார். அதற்கப்புறம் கை இறங்கி, நடுவில் துழாவியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கீழே. ஒன்றும் அகப்படவில்லை.

கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மேரி ஜகா அபி ஸே காலி கர் தீ?"

என் இடத்தை இப்போதே காலி செய்துவிட்டீர்களா என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இந்தத் தடவை யாரும் யாருக்கும் அர்த்தம் சொல்லவில்லை. பிரம்மநாயகத்துக்குக்கூடப் புரிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேம்சாப் அழுதுகொண்டே ஏதேதோ சமாதானம் சொன்னாள். பெரியவர் மேலே போகலாம் என்று கையைக் காட்டினார். நாற்காலி வந்த வழியே மாடிக்குப் போயிற்று.

வடிவு படியில் ஓடி மேம்சாப்பின் காலைப் பிடித்தாள். "ஷாம் தக், மேம்சாப். ஷாம் தக்." சாயங்காலம் வரை பொறுங்கள் என்று அவள் கெஞ்சியதற்கு மேம்சாப் சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மேலே போய்விட்டாள்.

வெயிலுமுத்து மழையில் தாராவிக்கு ஓடினான். வடிவு மிஷினைக் கராஜுக்குள் இறக்கி வைத்தாள். பிரம்மநாயகம் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பீடியைப் பற்றவைக்கப் பார்த்தார். தீப்பெட்டி நனைந்திருந்தது.

வெயிலுமுத்து திரும்பி வந்தபோது அவன் கக்கத்தில் ஒரே ஒரு கருப்புத் தோல்தான் இருந்தது.

"சலாவுதீன் பாய்ட்ட இது ஒண்ணுதான் கருப்புல இருக்கு. செருப்புக்காரனுக்கு ஒதுக்கி வச்சத நம்ம மொகத்துக்காகத் தந்தாரு. மத்ததுக்குச் சாயம் ஏத்துனாலும் இந்த மழையில காயாதுங்காரு."

"நடுவுக்கு மட்டுந்தான் வரும்" என்றாள் வடிவு, தோலை விரித்துப் பார்த்து. "மத்ததுக்கு ரெக்சின் போடுவமா?"

"ரெக்சினா? கண்ணு தெரியாத மனுசன் தொட்ட ஒடனே கண்டுபிடிச்சிருவாரு" என்றார் பிரம்மநாயகம். அவர் சொன்னது நியாயம்தான்.

நடுவில் பலகை கொடுத்து ஒரு சீட்டு ஏற்ற வேண்டுமானால் அந்த வளைந்த கைகள் இரண்டும் போக வேண்டும். வெயிலுமுத்து உளியை எடுத்தான்.

"தாங்க. நாந்தான வரஞ்சேன். நானே எடுக்கேன்" என்று வடிவு வாங்கிக்கொண்டாள்.

தோலைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தாள். சட்டத்தைப் பெயர்த்தபோது ஒன்று முழுசாக வந்தது. இன்னொன்று பிளந்துவிட்டது. பெற்ற பிள்ளையைத் தானே அடித்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஸ்பிரிங் கட்ட நேரமில்லை. பலகைக்கு மேல் நாரைப் பரப்பினான் வெயிலுமுத்து. பஞ்சு பற்றவில்லை. வடிவு கைவண்டிக்குப் போய், ட்ரங்குப் பெட்டிக்குள் நனையாமல் இருந்த, கல்யாணத்துக்குத் தாய் வீட்டில் கொடுத்த தலையணைகள் இரண்டையும் எடுத்துவந்து வாயைக் கிழித்துக் கொட்டினாள். கருப்புத் தோலை மிஷினில் கொடுத்து மிதிக்க ஆரம்பித்தாள். பிரம்மநாயகம் எழுந்து வந்து தோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ஓரங்கள் இரண்டும் காப்பி நிறம், நடுவில் கருப்பு. மேம்சாப் சொன்னதும் இல்லை, வடிவு காதில் விழுந்ததும் இல்லை. கண்ணுள்ள எவனும் ஒட்டுப்போட்டது என்று சொல்லிவிடுவான். ஆனால் பெரியவருக்குக் கண் எங்கே இருக்கிறது? கைதானே! அந்த ஒரு நினைப்பைத்தான் வடிவு பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து பாரு" என்றான் வெயிலுமுத்து.

அவள் நடுவில் உட்கார்ந்தாள். அவன் ஒரு பக்கம் உட்கார்ந்து, தோளால் இடித்துப் பார்த்தான். சீட்டு அசையவில்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் போயி மேம்சாப்ப கூட்டியாரேன்" என்று அவள் இறங்கினாள்.

மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் மேலே பெரியவரின் மணி அடித்தது. விட்டு விட்டு அடிக்கிற வழக்கமான மணி இல்லை இது. ஒரே மூச்சாக அடித்துவிட்டுச் சட்டென்று நின்றது. நர்ஸின் செருப்புச் சத்தம் ஓடியது. ஏதோ கண்ணாடிச் சாமான் விழுந்து உடைந்தது. சமையல்காரன் வடிவை இடித்துத் தள்ளிக்கொண்டு கீழே பாய்ந்து, "டாக்டர் சாப், டாக்டர் சாப்" என்று கூவியபடி மழையில் ஓடினான்.

வடிவு மேலே போகப் பயந்து கீழே இறங்கினாள். மூவரும் கராஜ் வாசலில் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

ஜன்னல் திறந்தது. ரோஷன் மேம்சாப் தலையை நீட்டினாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. மழை இரைச்சலுக்கு மேலாக ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"கராஜ் காலி ரக்னா!"

ஜன்னல் மூடிக்கொண்டது.

"என்னளா சொல்லுதாவ?" என்றான் வெயிலுமுத்து.

சாமானை எடுத்துக்கொண்டு வெளியே போ என்கிறாளா? டாக்டர் கார் உள்ளே வர வழி விடு என்கிறாளா? இல்லை, இந்தக் கார் இனி யாருக்கு, கராஜ் காலிதான், இருந்துகொள்ளுங்கள் என்கிறாளா? எல்லாம் அதே வார்த்தைதான். எப்படிச் சொன்னாள் என்று வடிவு நினைவுபடுத்திப் பார்த்தாள். மழைச் சத்தம்தான் காதில் இருந்தது.

"ஏ தாயி, சாமானத்த எறக்கவா, வேண்டாமா?" பிரம்மநாயகம் கைவண்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மழையில எம்புட்டு நேரம் நிக்க?"

"ஒன்னயத்தான்ளா. மேம்சாப் என்ன சொன்னாவ?"

சண்முகவடிவு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலங்க" என்றாள். "எனக்கு இந்தி தெரியாது."